தோப்காபியில் புறப்பட்ட பக்லாவா

வளைகுடாவிலிருந்து திரும்புவோர் தகரப் பெட்டியில் கொணரும் பக்லாவாவை நீங்கள் சுவைத்திருக்கக் கூடும். அதன் பெருமையை அறிய இஸ்தன்பூல் செல்ல வேண்டும். அங்கே தோப்காபி அரண்மனையின் இரண்டாம் முற்றத்தில் சற்று நில்லுங்கள். வலப்புறம் வரிசையாய் உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகள் உதுமானிய சுல்தான்களின் சமையற்கூடங்களுக்குரியவை. இன்று அங்கே சீனப் பீங்கான்கள் காட்சிக்கு இருக்கின்றன. அன்றோ, ரமளான் பிறை 15இல் பக்லாவாத் தாம்பாளங்கள் அணிவகுத்துப் புறப்பட்டன.

பத்து ஜானிஸரி வீரர்களுக்கு ஒரு தாம்பாளம் என்பது கணக்கு. (நம் விருந்துகளின் சஹன் நினைவுக்கு வருகிறதல்லவா?) துணியில் முடிந்த தாம்பாளங்களைக் கழியில் கோத்து, இருவர் இருவராகத் தோளில் சுமந்து பாசறைக்குச் செல்வர். வீதியெங்கும் மக்கள் கூடி நின்று காண்பர். இதனை வெறும் விருந்தென எண்ணிவிடாதீர்கள். சுல்தான் அளித்த உணவை மறுத்து வீரர்கள் கொப்பரையைக் கவிழ்த்தால், அது கலகத்தின் அறிவிப்பு! 1826இல் இரண்டாம் மஹ்மூத் அப்படையையே ஒழித்தார், ஊர்வலமும் மறைந்தது.

இனிப்பு மறையவில்லை. கடைவீதியில் காஸியன்தெப் ஊரின் பக்லாவாவையே கேட்டு வாங்குங்கள். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. மிக மெல்லிய மாவுத் தாள்கள், இடையே பச்சைப் பிஸ்தா, உருக்கிய நெய், சர்க்கரைப் பாகு. தேன் அன்று. துண்டைத் தலைகீழாகத் திருப்பி, பாகு ஊறிய அடிப்புறம் அண்ணத்தில் படுமாறு வாயிலிடுங்கள். பல் பட்டதும் சரசரவென நொறுங்க வேண்டும். ஒலி எழவில்லையெனில் அது பழைய சரக்கு. அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.