பதாகைக்கு ஒரு பங்கு, பட்டறைக்கு ஒரு பங்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிஞ்சு ஒரு தே தாரிக் குடிச்சிக்கிட்டே பொறுமையா படிங்க.

இணையம், காணொளி, சமூக ஊடகம் என்று நம்ம ஆட்கள் மாநாடு நடத்துவது நல்ல விஷயம். தமிழுக்கு இது புதுசும் இல்லை. 1997-லேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணையத்துக்கு ஒரு மாநாடு கூட்டினார். கோலாலம்பூரில் 2001-லும் 2013-லும் தமிழ் இணைய மாநாடு நடந்திருக்கிறது. அந்த வழியில் இன்னைக்குச் சின்னதும் பெரிசுமா பல நடக்குது.

எங்க கோயில் தொண்டர் குழு ஆறு பேர், அண்மையில் அப்படி ஒரு டிஜிட்டல் ஊடக மாநாட்டுக்குச் சாப்பாடு பரிமாறப் போனோம். இரண்டு நாள் அங்கேயே இருந்ததில் கண்ணில் பட்டதைச் சொல்லணும்னு தோணுச்சு.

முதல்ல ஆதரவாளர் விஷயம். நுழைவுக் கட்டணத்தை மட்டும் வச்சு மாநாடு நடத்த முடியாது. மண்டபம், ஒலிபெருக்கி, சாப்பாடு, வெளியூர்ப் பேச்சாளருக்கு விமான டிக்கெட், எல்லாத்துக்கும் கொடுக்கிற கை வேணும். அதனால பிளாட்டினம், கோல்டு, சில்வர்னு பிரிச்சு வைப்பாங்க. அதிகம் கொடுத்தவருக்கு மேடைக்குப் பின்னால் பெரிய சின்னம், வாசலில் கடை போட இடம், பேசுவதற்குப் பத்து நிமிஷம். குறைவாகக் கொடுத்தவருக்கு நிகழ்ச்சிப் புத்தகத்தில் கடைசிப் பக்கம். இதுல தப்பு ஒண்ணும் இல்லை. கோயில்ல நாமும் உபயக்காரருக்கு மாலை போடுறோம், பேரை எழுதி வைக்கிறோம். கொடுத்தவரை மதிக்கணும். ஆனா டியூப் லைட்டில் பேரை எழுதியே வெளிச்சத்தை மறைச்ச கதையும் நமக்குத் தெரியும்தானே?

கீழே பெரிய மண்டபத்தில் முந்நூறு நாற்காலி. பட்டறை நடந்தது மாடியில் ஒரு வகுப்பறையில். முப்பது நாற்காலி, பிளக் ரெண்டே ரெண்டு, சொல்லிக் கொடுக்க ஒரே ஒரு தம்பி. சாப்பாட்டுக்கு அப்புறம் மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. மேலே கதவுக்கு வெளியே ஆளுங்க நிக்கிறாங்க. அதில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பிள்ளைகளுக்குத் தமிழில் கதை பதிவு செஞ்சு பெற்றோருக்கு அனுப்பணும்னு ஆசை. “இடம் இல்லம்மா” என்று சொன்னதும், “பரவாயில்லைங்கண்ணே, நின்னுக்கிட்டே பார்க்கிறேன்”ன்னார்.

நின்னு பார்க்கிறதுக்கு வீட்டிலேயே காணொளி பார்க்கலாமே! நாங்க சாப்பாடு வச்ச மடக்கு மேசை நாலையும் கழுவித் துடைச்சு மேலே தூக்கிக்கிட்டுப் போனோம். சோத்துப் பானைக்குப் போட்டிருந்த நீள வயரையும் கழட்டிக் கொண்டு போய் மாட்டினோம். பதினஞ்சு பேருக்கு இடம் கிடைச்சது.

அந்த ஒரு மணி நேரத்தில் அவங்க கத்துக்கிட்டது எல்லாம் சின்னச் சின்ன விஷயம். பதிவு பண்ணும்போது போனை ஏரோபிளேன் மோடில் போடுவது. ஃபேனை நிறுத்துவது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி உட்காருவது. பத்து வினாடி பதிவு செஞ்சு, கேட்டுப் பார்த்துட்டு அப்புறம் தொடர்வது. அறையை விட்டு வெளியே வரும்போது அவர் போனில் ஒரு கதை முழுசா இருந்தது.

அடுத்து தமிழ்99 விசைப்பலகை. 1999-ல் சென்னை மாநாட்டை ஒட்டி வந்தது அது. உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. எங்க குழுவின் பெரியவர், இத்தனை வருஷமா நோட்டீஸ் எல்லாம் மத்தவங்களிடம் கொடுத்தே தட்டச்சு செஞ்சவர், அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினார். ‘அம்மா’ன்னு வந்தது. ‘ம’வை ரெண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். இதை மேடையிலும் ஒருவர் விளக்கினார், எங்களுக்குப் புரியலை. விரல் பட்டதும் புரிஞ்சது.

இன்னொரு அறையில் ஓர் ஆதரவாளரே ஒரு பட்டறை நடத்தினார். ஒரு மணி நேரமும் அவங்க செயலியின் பெருமைதான். கடைசியில் எல்லாருடைய போன் நம்பரையும் எழுதி வாங்கினாங்க. வந்தவர்கள் யாரும் எதையும் தொட்டுக்கூடப் பார்க்கலை. அது பட்டறை இல்லைங்க, விற்பனை.

எங்களில் பாதிப் பேர் தொழிற்சாலை ஆட்கள். லைனுக்குப் புது ஆள் வந்தால் முதலில் பதற்றம் போகப் பேசுவோம். அப்புறம் செஞ்சு காட்டுவோம். பிறகு அவரையே செய்ய விடுவோம். கடைசியா, தனியே விட்டுட்டு அப்பப்போ போய்ப் பார்ப்போம். இந்த நாலு படியும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக வகுத்தது. மேடைப் பேச்சு எவ்வளவு நல்லா இருந்தாலும் ரெண்டாவது படியோட நின்னுடும். மூணாவதும் நாலாவதும் பட்டறையில்தான்.

மலேசியாவில் 10 மலேசியர்களோ அதுக்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைப் பயிற்சி லெவியாகக் கட்டுது. ஏன்? பயிற்சிக்கென்று தனியா ஒதுக்கலைன்னா அந்தக் காசு வேற எதுக்காவது போயிடும். மாநாட்டுக் காசும் அப்படித்தான். பதாகைக்குப் போயிடும்.

அதனால ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளாட்டினம், கோல்டு பட்டியலில் ‘மேசை உபயம்’னு ஒண்ணு சேருங்க. ஒரு மேசை, ஆறு நாற்காலி, ஒரு நீள வயர், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஓர் ஆள். மேசை மேல் உபயக்காரர் பேர் இருக்கட்டும். ஒரு மாசம் கழிச்சு அதே ஆட்களை ஒரு சாயங்காலம் கூப்பிட்டு, என்ன செஞ்சாங்கன்னு பாருங்க.

கொடுக்கிற பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. “என் சின்னம் எங்கே?”ன்னு கேட்கிறதோடு, “என் காசில் எத்தனை பேர் கையால செஞ்சு பார்த்தாங்க?”ன்னும் கேளுங்க. நீங்க கேட்டா நடக்கும். எங்களை மாதிரி ஆளுங்க கேட்டா, சிரிச்சிக்கிட்டே சாம்பார் வாளியைக் கையில் கொடுப்பாங்க.

வசதி இல்லாதவங்களும் உதவலாம். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய போன், சார்ஜர், ஒரு மணி நேரம், இது போதும். உங்க தாமான் பக்கம் இப்படி ஏதாவது நடந்தா எங்களுக்குச் சொல்லி அனுப்புங்க. சோறும் பரிமாறுவோம், மேசையும் தூக்குவோம்.

நல்லதுன்னு பட்டா நாலு பேருக்குப் பகிருங்க.