கொம்பும் காலும்

நம் சங்க மலரின் கொடையாளர் பட்டியலைக் கணினியில் ஒழுங்கு செய்யும் பொறுப்பு இவ்வாண்டு என் தலையில் விழுந்தது. அலுவலகக் கோப்புகளோடு உழல்பவனுக்கு இது பெரிய காரியமா என்றுதான் ஏற்றுக்கொண்டேன்.

பட்டியல் எக்ஸ்.எம்.எல். முறையில் அமைந்தது. ஒவ்வொரு பதிவும் 'கொடை' என்னும் குறிச்சொல்லுக்குள் அடங்கும். உள்ளே பெயர், ஊர், தொகை. அதை அச்சுப் பக்கமாக மாற்றுவது நடைத்தாள் என்னும் தனிக் கோப்பு. அதில் 'கொடை'க்கென ஒரு வார்ப்புரு உண்டு: பெயரைத் தடித்த எழுத்தில் இடு, தொகையை வலப்புறம் நிறுத்து என்பது அதன் கட்டளை. வார்ப்புரு பொருந்தாத பதிவைக் கணினி தள்ளிவிடுவதில்லை. உள்ளிருக்கும் எழுத்துகளை மட்டும் ஒரே ஓட்டமாகக் கொட்டிவிடும். பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாது.

கட்கியில் வாழும் முதிய அம்மையார் ஒருவர், மறைந்த தம் கணவர் நினைவாகக் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து 500 ரூபாய் அளித்திருந்தார். மாதிரிப் படியில் அவர் பெயரும் ஊரும் தொகையும் ஒட்டிக்கொண்டு, முந்தைய பெயரின் வாலாகத் தொங்கின. அவரைப்போல் இன்னும் 18 பேர். அந்தப் பகுதியைத் தட்டச்சு செய்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து, எழுத்துப்பிழை செய்துவிட்டீர் என்று கடிந்துகொண்டேன். அவர் மறுத்தார். பார்த்தால் பிழை ஒன்றுமில்லை.

அடுத்துப் பெயர்வெளியை ஐயுற்றேன். கோப்பின் முதற் குறிச்சொல்லில் அதை அறிவித்துவிட்டால், உள்ளிருப்பவை எல்லாம் குடும்பப் பெயர்போல அதைச் சுமக்கும். வார்ப்புருவில் வெறும் பெயர் எழுதினால் பொருந்தாது. புனேயில் படிவம் நிரப்பும் தமிழருக்கு இது புதிதன்று. குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தை பெயரா, ஊர்ப் பெயரா என்று விழிப்பது நம் தலையெழுத்து (முதலெழுத்து என்றும் கொள்க). ஆனால் எங்கள் கோப்பில் பெயர்வெளியே இல்லை.

மூன்றாம் இரவு, வேறெதிலும் பொருந்தாதவற்றைப் பிடிக்கும் பொது வார்ப்புரு ஒன்றை எழுதி, பிடிபட்ட குறிச்சொல்லையும் அதன் நீளத்தையும் அச்சிடச் செய்தேன். 'கொடை' என்றே வந்தது, நீளம் 5. பொருந்திய பதிவுகளில் நீளம் 4.

அப்போதுதான் விளங்கிற்று. யூனிகோடில் 'கொ' இருவகையாய் அமையும்: ககரத்தின்பின் கொம்பும் காலும் இணைந்த ஒரே குறி, அல்லது கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு வேறுபாடில்லை. இரண்டும் ஈடு என்கிறது யூனிகோடு. 1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். விதியோ, ஒரே வகையில் எழுதப்பட்டிருந்தாலன்றிப் பெயர்கள் பொருந்தா என்கிறது. இளைஞரின் தட்டச்சு மென்பொருள் கொம்பையும் காலையும் பிரித்தே இட்டிருந்தது. நான் இணைத்து இட்டிருந்தேன். 2007இல் வந்த நடைத்தாள் மொழியின் இரண்டாம் பதிப்பில் இவற்றை ஒருமைப்படுத்த வழியுண்டு. எங்கள் மென்பொருள் 1999ஆம் ஆண்டு முதற் பதிப்பையே அறியும். ஆகவே தேடி மாற்றும் கட்டளையால் கோப்பு முழுவதும் இணைத்தேன்.

பத்தொன்பது பெயர்களும் தத்தம் வரியில் நின்றன. இரவு பதினொரு மணியென்றும் பாராமல் இளைஞரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "அந்தக் கட்கிப் பாட்டியின் பெயர் சரியாக வந்துவிட்டதா, சார்?" என்றார் அவர்.