நாங்கள் தேர்ந்த மலைப்பாதை

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் மொழி. உயரம் தெரியாமலும் காலை வைக்கலாகாது என்பதைச் சென்ற ஏப்ரல் மாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

சாரணியர் பன்னிருவர் இமயமலைக்குச் சென்றுவரத் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் இசைவு தந்தபோது எங்கள் மகிழ்ச்சிக்கு எல்லையே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. எந்தப் பாதையில் நடப்பது என்பதை நாங்களே ஆராய்ந்து, காரணங்களோடு எழுதித் தரவேண்டும். பெற்றோர் அனைவரும் அதற்கு உடன்படவேண்டும். கடற்கரை ஊரில் பிறந்த எங்களுள் பெரும்பாலோர் ஏறிய மிக உயர்ந்த இடம் உதகையின் தொட்டபெட்டா, 2637 மீட்டர்.

முதலில் எல்லார் வாயிலும் வந்த பெயர் ரூப்குண்ட். பழைய மனித எலும்புகள் கிடக்கும் பனி ஏரி என்றால் யாருக்குத்தான் ஆவல் எழாது? ஆனால் உத்தராகண்டின் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை 2018-இல் அம்மாநில உயர்நீதிமன்றம் தடைசெய்தது என்று படித்ததும் அதைக் கைவிட்டோம்.

அடுத்தது சிக்கிமில் உள்ள கோச்சா லா கணவாய். 4940 மீட்டர்! கஞ்சன்ஜங்காவை மிக அருகில் காணலாம். ஓட்டப்பந்தயங்களில் பரிசுகளை அள்ளிவரும் எங்கள் தோழி ஒருத்தி, "போனால் அங்கேதான் போகவேண்டும்" என்றாள். கைகள் உயர்ந்தன. ஒருத்தி மட்டும் கையை உயர்த்தவில்லை. நடப்பதில் எப்போதும் கடைசியாக வருபவள் அவள். "அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் எப்படிக் கீழே இறங்குவது?" என்று மெல்லக் கேட்டாள். சிலர் சிரித்தோம். ஆனால் விடை எங்களிடம் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் அதே கேள்வி வேறு உருவில் வந்தது. 2024 ஜூன் மாதம் சஹஸ்திர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கி, கர்நாடகத்திலிருந்து சென்ற 9 பேர் உயிரிழந்த செய்தியைத் தாய் ஒருவர் நினைவூட்டினார். "என் மகளை அனுப்ப மறுக்கவில்லை. எதை வைத்துப் பாதையைத் தேர்ந்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. உயரத்தை வைத்து என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

மருத்துவரான ஒரு தோழியின் தந்தை எழுந்து விளக்கினார். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. 5500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். உடல் இதற்குப் பழக நாட்கள் தேவை. அவசரப்பட்டு ஏறினால் தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை தோன்றும். அதைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கைகண்ட மருந்து கீழே இறங்குவதே. 3000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது. "உடல் வலிமை உள்ளவர்களுக்கு இது வராது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்" என்றும் எச்சரித்தார்.

மறுநாள் கரும்பலகையில் ஒவ்வொரு பாதையின் இரவுத் தங்கல்களையும் எழுதிக் கழித்துப் பார்த்தோம். கோச்சா லா பாதையில் சோக்காவிலிருந்து சோங்ரிக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 1000 மீட்டர் ஏறவேண்டும். அங்கே கூடுதலாக ஒரு நாள் தங்கிச் செல்வது வழக்கம்தான். ஆயினும் யுக்சோமுக்கு அப்பால் வண்டிச் சாலை கிடையாது. மேற்கு வங்கத்தின் சந்தக்ஃபூ பாதையோ மானேபஞ்சாங்கில் தொடங்கி டும்லிங், காலிபோக்ரி எனப் படிப்படியாக 3636 மீட்டருக்கு ஏறுகிறது. வழியில் தங்கும் விடுதிகள் உண்டு. உச்சி வரை ஜீப் போகும்.

"ஜீப் போகிற இடத்துக்கா நாம் நடந்து போவது?" என்று ஓட்டப்பந்தயத் தோழி முகம் வாடினாள். உண்மையைச் சொன்னால், எங்கள் எல்லார் மனத்திலும் அந்த ஏமாற்றம் இருந்தது. எனினும் சந்தக்ஃபூ என்றே எழுதிக் கொடுத்தோம். திட்டத்தில் ஒரு நாளை மிச்சம் வைத்தோம். அது தேவைப்படாவிட்டால் அப்பால் உள்ள ஃபாலுட் நோக்கி நடக்கலாம் என்பது எங்கள் ஆசை.

டார்ஜிலிங்கில் இரண்டு இரவுகள் தங்கிய பின் நடக்கத் தொடங்கினோம். நேபாள எல்லையை ஒட்டிய பாதை. இருமருங்கும் செந்நிற ரோடோடென்ரான் மலர்கள். கடைசியாக நடப்பவளின் வேகமே குழுவின் வேகம் என்பது உடற்பயிற்சி ஆசிரியையின் கட்டளை.

இரண்டாம் நாள் மாலை, கரிய நீர் தேங்கிய குளமுள்ள காலிபோக்ரியை அடைந்தோம். அன்று இரவு எங்கள் 'கடைசிப் பெண்' அருட்சகோதரியிடம் சென்று, "அவள் சாப்பிடவில்லை சிஸ்டர், தட்டை மறைத்து வைக்கிறாள்" என்றாள். சாப்பிடாதவள் வேறு யாருமல்லள், எங்கள் ஓட்டப்பந்தய வீராங்கனைதான்! தலைவலியும் குமட்டலும் மதியமே தொடங்கியிருந்தன. தன்னால் பயணம் தடைப்படக்கூடாதென்று மறைத்திருக்கிறாள். "ஒன்றுமில்லை சிஸ்டர், வெறும் தலைவலிதான்" என்று அழுதாள்.

மறுநாள் யாரும் மேலே ஏறவில்லை. மிச்சம் வைத்த நாள் அவளுக்காயிற்று. தேறாவிட்டால் கீழே கொண்டுசெல்ல ஜீப் ஒன்றும் வாசலில் காத்திருந்தது. அந்த ஜீப்பை அன்று யாரும் இகழவில்லை. மாலைக்குள் தலைவலி நீங்கி, அவள் சூடான கஞ்சி கேட்டாள். ஃபாலுட் ஆசை போயிற்று, ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

அதற்கடுத்த நாள் பன்னிருவரும் சந்தக்ஃபூவை அடைந்தோம். விடியலில் கஞ்சன்ஜங்கா பொன்னிறமாயிற்று. தொலைவில் எவரெஸ்ட், லோட்சே, மக்காலு. உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களுள் நான்கு எங்கள் கண்முன்! தொட்டபெட்டாவைவிடச் சரியாக 999 மீட்டர் உயரத்தில் நின்றோம்.

ஊர் திரும்பியதும், அன்று கேள்வி கேட்ட அந்தத் தாய், "எவ்வளவு உயரம் போனீர்கள்?" என்று கேட்கவில்லை, "எல்லாரும் வந்துவிட்டீர்களா?" என்றுதான் கேட்டார். வந்துவிட்டோம் அம்மா, பன்னிருவரும்.

தங்கைகளே, அடுத்த முறை நீங்கள் போகும்போது வரைபடத்தை விரித்ததும் முதலில் இறங்கும் வழியைத் தேடுங்கள். உங்களுள் மெதுவாக நடப்பவள் கேள்வி கேட்டால் சிரிக்காதீர்கள்.

— சாரணியர், பதினொன்றாம் வகுப்பு