நாலு எம்.பி. ஒண்டுக்குடித்தனம்

"மாமா, கரண்ட் போச்சு. வந்துடுச்சு. ஆனா வைஃபை வரல."

2020 ஆடி மாசம். செந்துறை பக்கத்துல இருக்கற தங்கச்சி வீட்டுலேர்ந்து மருமக போன். ஒன்பது மணிக்கு ஆன்லைன் கிளாஸ். ஆடிக் காத்துல கரண்ட் போறதும் வர்றதும் சகஜம். நெட் வராம போனதுக்கு மட்டும் முழுக் காரணம் அடியேன்தான்.

என்ன நடந்துச்சுன்னா, அவங்க வீட்டு பழைய ரவுட்டர்ல முந்தின நாள் ஓப்பன்டபிள்யுஆர்டி ஏத்தி வெச்சிருந்தேன். லினக்ஸை ரவுட்டருக்குள்ள அடைக்கற திட்டம் அது. 2003ல லிங்க்சிஸ் தன்னோட டபிள்யுஆர்டி54ஜி ரவுட்டர் மென்பொருளோட மூலநிரலை வெளியிட வேண்டி வந்துச்சு. அதை வெச்சு 2004ல இது ஆரம்பிச்சது. (நடுவுல 2016ல லெடேன்னு ஒரு கோஷ்டி தனியாப் போயி, 2018ல திரும்ப சேர்ந்துச்சு. 2001ல பெரம்பலூர்லேர்ந்து பிரிஞ்சு, 2002ல சேர்ந்து, 2007ல மறுபடி பிரிஞ்ச எங்க அரியலூர் மாவட்டத்துக்கு இதெல்லாம் ஜுஜுபி!)

ஏன் மாத்தினேன்? 2017ல வைஃபை பூட்டுலயே ஓட்டைன்னு 'கிராக்' விவகாரம் வெடிச்சுதே, அதுக்கப்புறமும் அந்த ரவுட்டருக்கு புது மென்பொருள் எதுவும் வரல. நாமளே பண்ணிடலாம்னு ஒரு கெத்து.

ரவுட்டர்ல ஃப்ளாஷ் 4 எம்.பி., ராம் 32 எம்.பி. இப்போ செல்போன்ல எடுக்கற ஒரு போட்டோ கூட அந்த ஃப்ளாஷ்ல உக்காராது. அதுலயும் பூட்லோடருக்கு 128 கே.பி., ரேடியோ அளவுகளுக்கு 64 கே.பி. போக மிச்சம் 3904 கே.பி. அதுக்குள்ளதான் கெர்னல், பிஸிபாக்ஸ், ஃபயர்வால், நம்ம செட்டிங்ஸ் எல்லாம் ஒண்டுக்குடித்தனம். கெர்னலோ வருஷா வருஷம் வளர்ற பிள்ளை, வீடு மட்டும் அதே வீடு.

இதுல ஒரு வேடிக்கை. உள்ள இருக்கற பொருளை அழிச்சா இடம் கிடைக்கும்னு நினைப்போம்ல? கிடைக்காது. ஸ்குவாஷ்எஃப்எஸ்னு இறுக்கி சுருக்கின பகுதி படிக்க மட்டும்தான். அதுல இருக்கறதை 'அழி'ன்னா, "இது இல்லைன்னு வெச்சுக்கோ"ன்னு மேல இருக்கற எழுதற பகுதியில ஒரு குறிப்பு விழும். அந்தக் குறிப்புக்கும் இடம் தேவை! ஆக, வேண்டாததை இமேஜ் கட்டும்போதே கழிச்சுடணும்.

நான் கழிக்கல, சேர்த்தேன். தங்கச்சி தானே பாஸ்வேர்ட் மாத்திக்கட்டுமேன்னு லூசிங்கற வெப் பக்கம், போதாக்குறைக்கு விளம்பரத் தடுப்பு. இமேஜ் நூல் பிடிச்ச மாதிரி உள்ள போயிடுச்சு. வைஃபை பேர், பாஸ்வேர்ட் போட்டேன், யூடியூப் ஓடுச்சு, காபி குடிச்சுட்டு அரியலூர் வந்துட்டேன்.

எழுதற பகுதிக்குத் துளி இடம் இல்லைன்னா, அது சத்தமே போடாம செட்டிங்ஸை ராம்லயே வெச்சுக்கும். கரண்ட் போனா மொத்தமும் மறந்துடும். ஓப்பன்டபிள்யுஆர்டி புதுசா எழுந்தா வைஃபை அணைஞ்சுதான் இருக்கும். மருமக சொன்னது அட்சர சுத்தம். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை 'டிஎஃப்' அடிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

அன்னிக்கு கிளாஸ் தங்கச்சி போன் டேட்டாவுல ஓடுச்சு. "அண்ணே, நல்லா இருந்ததை ஏன் நோண்டினே?"ன்னு அவ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ராத்திரி இமேஜ் பில்டர்ல உக்காந்தேன். லூசி அவுட். விளம்பரத் தடுப்பு அவுட். மோடமே டயல் பண்ணிக்கும், அதனால பிபிபி சமாச்சாரம் அவுட். ஐபிவி6ம் அவுட். சில நூறு கே.பி. மிச்சமாச்சு. மறுநாள் பைக்ல போய் ஏத்தி, வேணும்னே நாலு தடவை ப்ளக்கைப் பிடுங்கி சொருகிப் பார்த்துட்டுதான் எழுந்தேன். ஆனா பாஸ்வேர்ட் மாத்த தங்கச்சிக்கு வழி இல்லாம போச்சு. அந்த உறுத்தல் இன்னும் இருக்கு.

நான் ஏத்தினது 2020 ஜனவரியில வந்த 19.07. அடுத்து 2021 செப்டம்பர்ல வந்த 21.02க்கு குறைஞ்சது 8 எம்.பி. ஃப்ளாஷ், 64 எம்.பி. ராம் வேணும்னுட்டாங்க. கோபம் வரல. நானே கட்டிப் பார்த்தவன், அந்த இடுக்குல எவ்வளவு நாள்தான் அடைப்பாங்க?

அப்பாலிக்கா அவங்க வீட்டுக்கு ஃபைபர் வந்துடுச்சு. பழைய ரவுட்டர் என் அலமாரியில. போன மாசம் எடுத்து தூசி தட்டி (எங்க ஊர்ல தூசிக்கா பஞ்சம்) ப்ளக்ல சொருகினேன். லைட் எரிஞ்சுது. செல்போன்ல வைஃபை பட்டியலைத் திறந்தா, மருமக அன்னிக்கு வெச்ச பேர் அப்படியே நிக்குது: 'மாமா கெடுத்தது'.