சகோதர நகரமும் நம் வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாயும்

கோவைக் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்த நமக்குச் சிறுவாணி நீரின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. வெளியூர் உறவினர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுங்கள்" என்பார்கள். குடித்து முடித்துக் கண்களை மூடி "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள். ஏதோ நாமே ஊற்றெடுத்துக் கொடுத்தது போல் அந்தப் புகழ்ச்சியை ஏற்றுக்கொள்வோம். அந்த நீர் மலைக்கு அப்பால், கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் தேங்கி நம்மிடம் வருகிறது என்பதை அந்நாளில் நினைத்ததேயில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த வேளையில், மகள் வயிற்றுப் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அது டெங்கு என்று மருத்துவர் கூறினார். இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கேட்டறிவதே பகலின் வேலையாயிற்று. இரவில் துஆவைத் தவிர வேறு வேலையில்லை. அந்த நாட்களில் நாம் ஏசாதவர் எவருமில்லை. தெருச் சாக்கடையை ஏசினோம், அதிகாரிகளை ஏசினோம், வாசலில் பழைய சாமான்களைக் குவித்திருந்த எதிர் வீட்டாரையும் ஏசினோம்.

பிள்ளை கண் விழித்து "நன்னா, பசிக்கிறது" என்று கேட்ட அன்று மாலை, கொசு ஒழிப்புப் பணிப்பெண் ஒருவர் கைவிளக்குடன் வந்தார். எதிர் வீட்டில் அவர் எதையும் காணவில்லை. நம் கொல்லைப் புறத்து நீலப் பீப்பாயிலிருந்து ஒரு குவளை நீரை மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். சிறு புழுக்கள் துள்ளின.

"பாய், இது சாக்கடைக் கொசு இல்லை, நல்ல தண்ணீர்க் கொசு" என்றார்.

நாம் பெருமை பேசிய அதே சிறுவாணி நீர்! குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறை வருவதைப் பீப்பாய்களில் நிரப்பி வைப்பது நம் தெருவின் வழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ தேங்கிய தெளிந்த நீரைத் தேடி, அதன் விளிம்பில் முட்டையிடுவது. நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது; சுவரில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால்தான் அவை போகும். இதனைச் சிங்கப்பூரில் வாழும் தங்கை மகனிடம் தொலைபேசியில் சொன்னபோது அவன் சிரித்தான். "மாமா, இங்கே பூந்தொட்டித் தட்டில் புழு இருந்தாலே அபராதம்" என்றான். கடல் கடந்த நகரத்தின் அனுபவம் முதன்முதலாக நம் கொல்லைப் புறத்துக்கு வந்து சேர்ந்தது அன்றுதான்.

நகரங்கள் ஒன்றுக்கொன்று உதவுவதைப் பற்றி நாம் சிந்திக்கத் தொடங்கியதும் அதன் பின்புதான். நோய்கள் நெடுநாளாகவே இவ்வழியில் பயணம் செய்கின்றன. 1894இல் ஹாங்காங்கை வாட்டிய பிளேக், 1896இல் பம்பாயை அடைந்தது. பின்னர் கோவையையும் விட்டுவைக்கவில்லை. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் இந்நகரில் கோயில் இருக்கிறது. ஊரை விட்டுத் தோட்டத்துச் சாளைகளில் தங்கிய கதையை நம் நன்னி சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நம் கோவைக்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலிடோ சகோதர நகரம். இந்தச் செய்தியை நாளேட்டில் படித்தபோது, மாலையும் பொன்னாடையும் மாற்றிக்கொள்ளும் சடங்கு என்று எண்ணிப் புறக்கணித்தோம். பிறகு அந்த ஊரின் வரலாற்றைப் புரட்டியபோதுதான் வியப்பு மேலிட்டது. அது 1931 முதல் ஸ்பெயின் நாட்டு டொலிடோவுடன் உறவு பூண்டது. அரபிகள் துலைத்துலா என்றழைத்த நகரம் அது! பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரமோனா நகரத்து ஜெரார்டு என்பவர் அங்கே தங்கி, இப்னு ஸீனாவின் 'அல்-கானூன்' மருத்துவ நூலை அரபியிலிருந்து லத்தீனில் பெயர்த்தார். நோயைப் பற்றிய அறிவு ஒரு நகரத்தின் வழியே ஒரு கண்டத்துக்குச் சென்ற கதை இது. கையொப்பமிட்ட ஒப்பந்தம் எதுவும் அதற்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்நூலில் நீரின் வகைகளையும், காய்ச்சிக் குடிப்பதன் நன்மையையும் இப்னு ஸீனா ஆராய்கிறார். ஆனால் ஒஹாயோ டொலிடோவில் 2014 ஆகஸ்ட் 2ஆம் நாள் விடுக்கப்பட்ட அறிவிப்பு நேர்மாறானது: குழாய் நீரைக் குடிக்காதீர், காய்ச்சவும் காய்ச்சாதீர்! ஈரி ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது. காய்ச்சினால் அதன் செறிவு கூடுமே அன்றிக் குறையாது. வயல்களிலிருந்து வழிந்தோடிய உரச்சத்தே பாசிக்கு இரையாயிற்று. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஏறத்தாழ மூன்று நாட்கள் புட்டி நீருக்கு அலைந்தார்கள். மாபெரும் ஏரியின் கரையில் அமர்ந்துகொண்டு தாகத்தால் தவித்த அந்த ஊர், கழிவுநீர் கலந்து ஆகாயத் தாமரை மூடிக் கிடந்த நம் நொய்யல் குளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இத்தகைய உறவுகளில் விருந்தும் புகைப்படமும் மிகுதி, பாடம் குறைவு என்பதே நம் எண்ணம். சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு 2016இல் தொடங்கிய நகரத் திட்டமொன்றில் ராஜ்கோட், உதய்பூர், சிலிகுரி ஆகியவற்றோடு கோவையும் இடம்பெற்றது. இதுபோன்ற நிதானமான வேலைகளில்தான் நமக்கு நம்பிக்கை அதிகம். எனினும் 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைமேடு நாட்கணக்கில் எரிந்து, சுற்றுப்புறத்தார் புகையில் மூச்சுத் திணறியதை மறக்க முடியவில்லை. டொலிடோ தன் மூன்று நாள் தவிப்பை நமக்குச் சொல்லட்டும். நாம் வெள்ளலூரை மறைக்காமல் அவர்களுக்குச் சொல்வோம். சகோதரர்கள் குறைகளைத்தானே முதலில் பகிர்ந்துகொள்ள வேண்டும்?

எதிர் வீட்டாரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "பீப்பாயைத் தேய்க்கும் அன்று சொல்லுங்கள், என்னுடையதையும் இறக்கி வைக்கிறேன்" என்றார். அதன்படி வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குக் குளிக்குமுன் இரு வீட்டுப் பீப்பாய்களும் தெருவுக்கு வருகின்றன. தேங்காய் நாரோடு நாம் குனிந்திருக்க, பேரன் கைவிளக்கை உள்ளே அடித்து, "நன்னா, அந்த ஓரம் இன்னும் தேய்க்கவில்லை" என்கிறான்.