எத்தனை மாதக் கூலி?

2025 நவம்பர் 3, திங்கள்

அக்கா மகன் ராத்திரி சென்னையிலிருந்து பேசினான். கார் வாங்கும் யோசனையில் இருக்கிறான், அதுவும் மின்சார கார்தான் வேண்டுமாம். "சைனாவுல எட்டரை லட்சத்துக்கு சீகல் தர்றான் மாமா. அதே காசுக்கு நமக்கு ஏன் அது கிடைக்கல?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானதுதான். பிஒய்டியின் சீகல் 2023 ஏப்ரலில் 73,800 யுவானுக்கு வந்தது. மறு வருஷம் 69,800 ஆனது. இந்த மே மாதத் தள்ளுபடியில் 55,800 வரை இறங்கியது. அடிப்படை மாடலிலேயே முப்பது யூனிட் பிடிக்கும் பேட்டரி. இங்கே 7.99 லட்சத்துக்குக் கிடைக்கும் டாடா டியாகோவில் 19.2 யூனிட்தான். சீகலை நம் நாட்டில் விற்பதே இல்லை. முழு வண்டியாக இறக்கினால் 70 சதவீதச் சுங்கம். இங்கேயே தொழிற்சாலை கட்டலாம் என்றால், 2020 ஏப்ரல் விதிப்படி எல்லையை ஒட்டிய நாடுகளின் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். கல்வான் எல்லை மோதலுக்குப் பிறகு அந்த வாசல் இன்னும் குறுகிவிட்டது. அதில் நாட்டுப் பாதுகாப்பு பற்றிய கவலையும் இருக்கிறது, உள்ளூர்க் கம்பெனிகளைக் காப்பதும் இருக்கிறது. இரண்டையும் அவனுக்கு விளக்கினேன். அவனுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் விஷயம் அதோடு முடிந்ததாகத் தோன்றவில்லை.

நவம்பர் 5, புதன்

பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே கார் பல நாடுகளில் பல பெயர்களில் ஓடுகிறது. பிரேசிலில் டால்ஃபின் மினி, ஐரோப்பாவில் டால்ஃபின் சர்ஃப், ஆஸ்திரேலியாவில் ஆட்டோ 1. ஐரோப்பாவுக்குப் போகும் வண்டி கொஞ்சம் நீளம், பாதுகாப்புச் சாமான்களும் கூடுதல். மற்றபடி குடும்பம் ஒன்றுதான்.

விலைகளை ரூபாயாக மாற்றி எழுதினேன். சீனா, மே மாதத் தள்ளுபடி சேராத 69,800 யுவான் விலையில், சுமார் எட்டரை லட்சம். ஆஸ்திரேலியா 23,990 டாலர், ஏறத்தாழ பதினான்கு லட்சம். பிரேசிலில் 2024 பிப்ரவரியில் அறிமுக விலை 1,15,800 ரியால், பத்தொன்பது லட்சம். பிரிட்டன் 18,650 பவுண்டு, இருபத்தொன்றரை லட்சம். இந்த வரிசையைப் பார்க்கிறவர்கள் சீனா மலிவு, பிரிட்டன் கொள்ளை விலை என்பார்கள். நாளிதழ்களில் வரும் ஒப்பீடுகளும் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன.

ஆனால் பிரிட்டனில் வேலை பார்க்கிறவர் ரூபாயில் சம்பளம் வாங்கவில்லையே. அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியால் விலையை வகுத்துப் பார்த்தேன். கணக்கே தலைகீழானது.

ஆஸ்திரேலியாவில் மணிக்கு 24.95 டாலர். 961 மணி நேர வேலை, அதாவது வாரத்துக்கு 38 மணி என்றால் சுமார் ஆறு மாதம். பிரிட்டனில் மணிக்கு 12.21 பவுண்டு. 1,527 மணி நேரம், சுமார் ஒன்பது மாதம். ஷாங்காயில் மாதக் குறைந்தபட்சக் கூலி 2,740 யுவான். அங்கே சீகலுக்கு இருபத்தைந்து மாதக் கூலி போகும். பிரேசிலில் 2024இன் குறைந்தபட்ச மாதக் கூலி 1,412 ரியால். எண்பத்திரண்டு மாதம், ஏழு வருஷத்துக்கு இரண்டு மாதம்தான் குறைவு. சாப்பாடு, வாடகை, வரி எதையும் கழிக்காத கணக்கு இது.

நம் ஊருக்கும் போட்டேன். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி இந்த வருஷம் 336 ரூபாய். டியாகோவுக்கு 2,378 நாள் கூலி. வருஷத்தில் முந்நூறு நாள் வேலை கிடைத்தாலும் எட்டு வருஷம். அந்தத் திட்டமோ நூறு நாளைத்தான் உறுதி சொல்கிறது.

காசில் எண்ணினால் சீனாதான் மலிவு. உழைப்பில் எண்ணினால் ஆஸ்திரேலியா. அது ஏன் என்று பார்த்தால் கூலி மட்டும் காரணமில்லை. 2017இல் ஹோல்டன் ஆலை மூடிய பிறகு ஆஸ்திரேலியாவில் காப்பாற்ற வேண்டிய கார் தொழிலே இல்லை, சீனாவோடு தடையற்ற வணிக ஒப்பந்தமும் உண்டு. அதனால் இறக்குமதிக்குச் சுங்கம் கிடையாது. பிரேசிலில் நேர் எதிர். மின்சார காருக்குப் பூஜ்யமாக இருந்த இறக்குமதி வரி 2024 ஜனவரியில் 10 சதவீதமாகத் திரும்ப வந்தது. படிப்படியாக ஏறி 2026 ஜூலையில் 35 ஆக வேண்டும். ஃபோர்டு 2021இல் கைவிட்டுப் போன கமசாரி ஆலையை பிஒய்டி எடுத்துக்கொண்டதற்கும் அந்த வரிக்கும் சம்பந்தம் உண்டு. அங்கே வேலை பெறுகிறவர்களுக்கு அந்த வரி சோறு போடுகிறது. வண்டி வாங்க நினைக்கிறவருக்கு அதே வரி இன்னும் சில மாதக் கூலி.

நவம்பர் 8, சனி

நார்வே. கடந்த வருஷம் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரம். பணக்கார நாடு, அதனால் முடிந்தது என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அண்டை நாடுகளான ஸ்வீடனும் டென்மார்க்கும் ஏழைகளா என்ன?

நார்வே செய்தது வரியில். 1990லேயே மின்சார காருக்குக் கொள்முதல் வரியை எடுத்தார்கள், 2001இல் மதிப்புக் கூட்டு வரியையும். பெட்ரோல் காருக்கோ எடைக்கு வரி, புகைக்கு வரி, அதன் மேல் மதிப்புக் கூட்டு வரி. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் மின்சாரம் மலிவாகவே தெரியும். இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1989இல் ஆ-ஹா இசைக் குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்க்கெட்டும் சூழலியலாளர் ஃப்ரெடரிக் ஹௌகேயும் மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவைக் கொண்டுவந்து, சுங்கச்சாவடிகளில் பணம் கட்ட மறுத்து ஓட்டினார்கள். வண்டியைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். அதைத் திரும்ப இவர்களே எடுத்தார்கள். சில வருஷத்தில் சுங்கச்சாவடிக் கட்டணமே விலக்கப்பட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆட்சிகள் மாறியும் கொள்கை மாறாமல் நின்றதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

2023 முதல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மதிப்புக் கூட்டு வரி உண்டு. வரும் வருஷம் அந்த வரம்பை 3 லட்சமாகக் குறைக்க பட்ஜெட்டில் முன்மொழிந்திருக்கிறார்கள். ஆடம்பர வண்டிக்குச் சலுகை வேண்டாம் என்பதை அவர்கள் புரிந்துகொள்ளவும் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

பணக்கார நாட்டுக்குத்தான் முடியும் என்பதற்கு நேபாளமே பதில். கடந்த நிதியாண்டில் அங்கே விற்ற புதுப் பயணிகள் கார்களில் நான்கில் மூன்று மின்சாரம். 2015இல் இந்திய எல்லையில் லாரிகள் நின்றுபோய் மாதக்கணக்கில் பெட்ரோலும் காஸ் சிலிண்டரும் இல்லாமல் அந்த மக்கள் பட்டதை நாம் மறந்துவிட்டோம், அவர்கள் மறக்கவில்லை. ஆற்று நீரில் எடுக்கும் மின்சாரம் கைவசம் இருந்தது. பெட்ரோல் காருக்கு வண்டி விலைக்கு மேலேயே வரி போட்டு, மின்சார காருக்கு வெகுவாகக் குறைத்தார்கள். நம் டாடாவும் அங்கே ஓடுகிறது, சீன வண்டிகளும் ஓடுகின்றன.

ஆனாலும் நேபாளத்தில் சொந்தக் கார் வாங்குகிறவர் மிகச் சிலர். அதனால் என் மனதுக்கு நெருக்கமாக இருப்பது காத்மாண்டுவின் சஃபா டெம்போதான். தொண்ணூறுகளிலிருந்து ஓடும் மூன்று சக்கர மின்வண்டி, ஓட்டுநர்களில் ஏராளமான பெண்கள். இப்போது மின்சார மைக்ரோபஸ்களும் மலைப்பாதையில் ஓடுகின்றன. கார் வாங்க வழியில்லாதவருக்கும் மின்வண்டியின் பலன் போய்ச் சேரும் வழி அது.

எத்தியோப்பியா 2024 ஜனவரியில் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே நிறுத்தியது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு. எண்ணெய்க்குக் கொட்டும் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது.

நவம்பர் 12, புதன்

சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் பேசினான். "இங்க காருக்கு முன்னாடி காகிதம் வாங்கணும் மச்சான்" என்றான். அங்கே வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும், பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். அக்டோபர் முதல் சுற்றில் சிறிய கார் பிரிவுக்கு 1,28,105 வெள்ளி. நம் பணத்தில் எண்பத்தேழு லட்சம். வண்டியின் விலை இதற்கு மேல் தனி. அப்படியும் 2024இல் அந்த ஊரில் அதிகம் விற்ற மின்சார கார் பிஒய்டி. அத்தை மகன் இருபது வருஷமாக எம்ஆர்டி ரயிலில்தான் போகிறான், அதில் அவனுக்குக் குறையும் இல்லை. நல்ல ரயிலும் பஸ்ஸும் இருக்கிற ஊரில் கார் எட்டாத விலையில் இருப்பது யாரையும் வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதில்லை. இந்த ஒப்பீட்டில் இதையும் சேர்க்க வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

அமெரிக்கா, சுருக்கமாக. 7,500 டாலர் வரிச் சலுகை செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்தது. சீன மின்சார காருக்கு 2024 முதல் நூறு சதவீதச் சுங்கம். சீகல் அந்தக் கரையில் இறங்கப்போவதில்லை.

நவம்பர் 15, சனி

எங்கள் தெருவுக்குப் பின்னால் வளவு வீட்டில் குடியிருக்கும் டாக்ஸி தம்பி காலையில் வந்தார். மஞ்சள் போர்டு டீசல் வண்டி, ட்யூ முடியப்போகிறது. "அடுத்தது கரண்டு வண்டி எடுக்கலாமா சார், கட்டுபடியாகுமா?" என்றார். இரண்டு வாரமாக நான் எழுதிவரும் கணக்கெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

சேர்ந்து கணக்குப் போட்டோம். செப்டம்பர் 22இல் சிறிய பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமானதும் பெட்ரோல் டியாகோ 4.57 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. மின்சார டியாகோ 7.99. வித்தியாசம் 3.42 லட்சம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய்க்கு மேல் ஆகும். வீட்டு மின்சாரத்தில் யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ரூபாய் சொச்சம்தான். கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய் மிச்சம் என்றால் 76,000 கிலோமீட்டரில் வித்தியாசம் அடைபடும். வருஷத்துக்கு ஏழாயிரம் ஓட்டும் என்னைப் போன்ற வாத்தியாருக்குப் பதினொரு வருஷம். மாதம் நாலாயிரம் ஓட்டும் அவருக்கு ஒன்றே முக்கால் வருஷம்கூட ஆகாது.

அப்படியானால் அவர்தான் முதலில் வாங்க வேண்டும். ஆனால் வழி நெடுக அவருக்குத்தான் தடை. வளவில் எல்லோருக்கும் சப் மீட்டர், வண்டியை நிறுத்துவது தெருவில். வீட்டில் சார்ஜ் போட முடியாவிட்டால் வெளியே யூனிட் இருபது ரூபாய், மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்துவிடும். மதுரை ஆஸ்பத்திரி டிரிப் என்றால் போக வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். கடனில் இன்னும் மோசம். மாதச் சம்பளக்காரனுக்கு ஒன்பது சதவீதத்தில் வங்கிக் கடன் கிடைக்கும், அவருக்கு ஃபைனான்ஸில் பதினைந்து. ஏழு லட்சத்துக்கு ஐந்து வருஷத்தில் அவர் 1,27,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவார்.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தையும் கேட்டார். எம்ஜி காமெட்டை 2024இல் அப்படி 4.99 லட்சத்துக்கு அறிவித்தார்கள், கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் வாடகை. குறைவாக ஓட்டுகிறவருக்கு அது லாபம். மாதம் நாலாயிரம் ஓட்டுகிறவருக்குப் பத்தாயிரம் வாடகை, அது இன்னொரு ட்யூ.

அரசு உதவி? ஃபேம் இரண்டாம் கட்டத்தில் வாடகைக் கார்களுக்கு மானியம் இருந்தது, 2024 மார்ச்சோடு முடிந்தது. அதன் பின் வந்த பிஎம் இ-டிரைவில் கார்களுக்கு இடமில்லை. மிஞ்சியது 5 சதவீத ஜிஎஸ்டி. அது அவருடைய டியாகோவுக்கும் ஒன்றுதான், 59.89 லட்சம் டெஸ்லாவுக்கும் ஒன்றுதான். பெரிய பெட்ரோல் காருக்கு 40 சதவீதம் என்பதால் ஆடம்பர மின்காருக்குக் கிடைக்கும் சலுகை முப்பத்தைந்து புள்ளி. சிறிய காருக்குப் பதின்மூன்று. இந்த ஏற்பாடு தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

பிரான்ஸில் 2024 ஜனவரியில் தொடங்கிய குத்தகைத் திட்டத்தை இன்று வகுப்பில் சொன்னேன். வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். வேலையிடம் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், அல்லது வேலைக்காக வருஷம் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சொந்த வண்டி ஓட்ட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மின்சார கார் மாதம் 100 யூரோவுக்கோ அதற்கும் குறைவாகவோ. அன்றைய குறைந்தபட்ச மாதக் கூலியில் அது ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. ஒரு வண்டிக்கு அரசு 13,000 யூரோ வரை போட்டது. ஆறு வாரத்தில் 50,000 பேர் வந்துவிட, பணம் போதாமல் நிறுத்தினார்கள். இந்த செப்டம்பர் கடைசியில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

நான் பார்த்த நாடுகளில் கூலியையும் ஓடும் தூரத்தையும் ஒன்றாக அளந்து உதவி கொடுத்த திட்டம் இதுதான். "நம்ம டாக்ஸிக்காரங்களுக்கு இப்படிக் கொடுத்தா எவ்வளவு ஆகும் சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள். வருகிற வெள்ளிக்குள் மாவட்டக் கணக்காகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பதிவான வாடகைக் கார்கள் எத்தனை என்ற விவரத்துக்கு நானே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு எழுதித் தருகிறேன்.

சாயந்திரம் டாக்ஸி தம்பியோடு வளவுக்காரரைப் போய்ப் பார்த்தேன். தனி மீட்டருக்குச் சம்மதம் கேட்டோம். வாசலை ஒட்டி இரண்டு அடி விட்டுத்தர வேண்டியிருக்கும் என்பதுதான் அவருக்கு யோசனை. மகனிடம் கலந்துவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன் என்றார்.