ரேஸ் பார்க்கப் போகாதீங்க, கொடி பிடிக்கப் போங்க

உங்ககிட்ட கார் இருக்கா? என்கிட்டயும் இல்ல. எங்க வீட்டுல இருக்கிறது அப்பாவோட ஸ்ப்ளெண்டர் ஒண்ணுதான். ஆனா போன வருஷம் ஜூலையில ஒரு சனிக்கிழமை முழுக்க, தொண்ணூறு வயசான ரேஸ் கார்கள் உறுமிக்கிட்டுப் போற மலைப்பாதை ஓரத்துல, டிக்கெட் வாங்காம நின்னேன். ஆரஞ்சு கலர் ஓவரால், கையில ஒரு சிவப்புக் கொடி, கால்கிட்ட தீயணைப்பான். வேலையோட பேர் மார்ஷல். இதுக்குத் தமிழ்ல என்னன்னு தேடினேன், கிடைச்சதெல்லாம் ராணுவத் தளபதி மாதிரி இருந்துச்சு. அதனால மார்ஷல்னே எழுதுறேன். சம்பளம் கிடையாது. ஒரு சாண்ட்விச் உண்டு.

மூணாவது வருஷம் எக்ஸ்சேஞ்ச்ல இங்கிலாந்துல கோவென்ட்ரிக்குப் போயிருந்தேன். கூட வந்த பசங்க சனி, ஞாயிறு ரெஸ்டாரன்ட் ஷிஃப்ட்டுக்குப் போய் பவுண்டு சேர்த்துக்கிட்டு இருந்தாங்க. நானும் போனவன்தான். ஒரு ஷிஃப்ட்டை விட்டா அந்த வார மளிகைக் காசு போச்சு. அப்பாகிட்ட சொன்னப்போ, "காசும் குடுக்காம வெயில்ல வேற நிக்க வைக்கிறானா?"ன்னார். வெயில் இல்லப்பா, மழைன்னேன்.

கிளப்போட பேர் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப். 1934-ல தொடங்கினது. விண்டேஜ்னு கேட்டதும் கோட்டு சூட்டு, ஷாம்பெயின்னு தோணும். ஆனா இது ஆரம்பிச்சது பெரிய பணக்காரங்களுக்காக இல்ல. புதுக் கார் வாங்க முடியாதவங்க, 1920-கள்ல வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வச்சுக்கிட்டு ஓட்டிப் பார்க்க ஆரம்பிச்ச கூட்டம். அன்னைக்கு அது வெறும் செகண்ட் ஹேண்ட் வண்டி. 1930 டிசம்பர் வரைக்கும் செஞ்ச கார்தான் விண்டேஜ்னு ஒரு கோடு போட்டாங்க. அதுக்கப்புறம் 1930-கள்ல வந்த நல்ல கார்கள் சிலதையும் சேர்த்துக்கிட்டாங்க. இன்னைக்கு அதே கார்கள்ல சிலதோட விலை நம்ம ஹாஸ்டல் பிளாக்கையே வாங்கிடும்.

நான் நின்ன இடம் ஷெல்ஸ்லி வால்ஷ். வூஸ்டர்ஷயர்ல ஒரு பண்ணைக்கு நடுவுல ஏறுற குறுகலான தார்ப்பாதை. நீளம் 1000 கஜம், அதாவது ஒரு கிலோமீட்டர்கூட இல்ல. 1905-லிருந்து இங்க ஒவ்வொரு காரா மேல ஏத்தி நேரம் எடுக்கிறாங்க. 1935-ல ரேமண்ட் மேஸ்ங்கிறவர் முதல் தடவையா 40 நொடிக்குள்ள ஏறினார். அந்தக் காலத்து ஸ்பெஷல் கார்கள் சிலதுல பின்னாடி இரட்டைச் சக்கரம் போட்டிருப்பாங்க, நம்ம லாரி மாதிரி. சரிவுல டயர் வழுக்காம பிடிக்கணும்ல.

இதுல வாலன்டியருக்கு என்ன வேலைன்னு கேட்டா, எல்லா வேலையும்தான். பேர் பதியிற மேஜை, பேடக்ல கார்களை வரிசைப்படுத்துறது, வண்டி சோதனைக்கு உதவுறது, நேரம் எடுக்கிறது, தீயணைப்பு. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்டார்ட் லைன் வேலை. ஏத்தத்துல கார் பின்னாடி உருளாம இருக்க, நீளமான கைப்பிடி வச்ச ஒரு கட்டையை பின்சக்கரத்துக்குக் கீழ முட்டுக்கொடுக்கிறாங்க. பச்சை விளக்கு எரிஞ்சதும் ஓட்டுறவங்க தங்களுக்குத் தோணுறப்போ கிளம்பலாம். கார் ஒளிக்கற்றையை வெட்டினப்புறம்தான் கடிகாரம் ஓடும். நூறு வருஷப் பழைய கார், லேட்டஸ்ட் சென்சார், நடுவுல ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டையைப் பிடிக்கிறவருக்கு எழுபது வயசு இருக்கும்.

சொல்லப்போனா அங்க எல்லாருக்குமே வயசு அதிகம். எங்க போஸ்ட்ல நாலு பேர். தலைவர் பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். நான் பழக்க தோஷத்துல 'சார்' சொல்ல, அவர் ஒவ்வொரு தடவையும் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரல. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல.

அவர் முதல்ல பார்த்தது என் சட்டையை. நைலான் கலந்திருக்கான்னு தொட்டுப் பார்த்தார். தீப்பிடிச்சா நைலான் உருகி தோல்ல ஒட்டிக்கும், காட்டன்தான் போடணும். அடுத்து, பாதைக்கு எப்பவும் முதுகைக் காட்டக்கூடாது. போன்ல போட்டோ எடுக்கக்கூடாது (இன்ஸ்டா ஸ்டோரி கனவு அங்கயே முடிஞ்சுது). தீன்னா காத்து உன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி போய் நெருங்கணும். அப்புறம் ஒண்ணு சொன்னார், அதுதான் என்னை உலுக்கினது. சூப்பர்சார்ஜர் வச்ச சில கார்கள் பெட்ரோல்ல ஓடறதில்ல, மெத்தனால்ல ஓடுது. பகல் வெளிச்சத்துல மெத்தனால் நெருப்பு கண்ணுக்கே தெரியாது. "ஓட்டுறவர் காரணமே இல்லாம துள்ளிக் குதிச்சா, நெருப்பு இருக்குன்னு வச்சுக்கோ"ன்னார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நிறைய கார்கள்ல சீட் பெல்ட் கிடையாது, ரோல் கேஜ் கிடையாது. தோள் வரைக்கும் உடம்பு வெளிய தெரியுது. சில கார்ல ஆக்சிலரேட்டர் நடுவுல, பிரேக் வலது பக்கம். அப்படி ஒருத்தர் முழு வேகத்துல வர்றார், அவருக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்கிற ஏற்பாடுல நான் ஒரு பாகம். ஃப்யூயல்ஸ் யூனிட்ல மெத்தனாலோட கலோரிஃபிக் வேல்யூ எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். நெருப்பு தெரியாதுங்கிறதை யாரும் எனக்குச் சொன்னதில்ல.

மார்ஷல் வேலை விளையாட்டில்லைன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்கிறதுக்காக இதையும் சொல்லிடறேன். 1977 மார்ச் 5, தென்னாப்பிரிக்காவுல கியலாமி. ஃபார்முலா ஒன் பந்தயம். பாதைக்கு எதிர்ப்பக்கம் நின்னுபோன ஒரு கார்ல சின்னதா தீ. ரெண்டு மார்ஷல்கள் பாதையைக் கடந்து ஓடினாங்க. மேட்டைத் தாண்டி வந்த டாம் ப்ரைஸால ரெண்டாவது ஆளைத் தவிர்க்க முடியல. ஃப்ரெடெரிக் யான்சன் வான் வூரன், வயசு 19, அங்கயே இறந்தார். அவர் தூக்கிட்டு ஓடின தீயணைப்பான் தலையில பட்டு ப்ரைஸும் இறந்தார். அந்தத் தீ பெரிய தீகூட இல்ல. எங்க அம்மா இந்த இதழைப் படிக்க மாட்டாங்கன்னு நம்பித்தான் இந்தப் பத்தியை எழுதுறேன்.

என் சனிக்கிழமையில அப்படி எதுவும் நடக்கல. காலையில முழுக்க சிந்தின ஆயில் மேல பொடி தூவிப் பெருக்கினேன். மதியம் ஒரு ஃப்ரேசர் நாஷ் எங்க வளைவுல ஏறி வந்து, 'டக்'னு ஒரு சத்தம், நின்னுடுச்சு. தலைவர் ரேடியோவுல பேச, நான் கொடியை எடுத்து கீழ்ப்பக்கம் பார்த்து ஆட்டினேன். பின்னாடி இன்னொரு கார் கிளம்பியிருக்கலாமில்லையா? நெஞ்சு அடிச்சது எனக்கே கேட்டுது. யாரும் வரல. மூணு பேர் சேர்ந்து ஓரமா தள்ளினோம். ஓட்டினவங்க ஹெல்மெட்டைக் கழட்டினா, நரைச்ச முடியோட ஒரு பாட்டி. சிரிச்சுக்கிட்டே, "செயின் போச்சு"ன்னாங்க.

அந்தக் கார்ல கியர்பாக்ஸே கிடையாதுங்க. ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி செயின், டாக் கிளட்ச் போட்டு மாத்தணும். டிஃபரென்ஷியலும் கிடையாது. நான் மெக்கானிக்கல்னு தெரிஞ்சதும், சாயங்காலம் பேடக்குக்கு வரச் சொன்னாங்க. தரையில படுத்து, டார்ச் பிடிச்சு, புதுச் செயினோட லிங்க்கை நான்தான் மாட்டினேன். செயின் டிரைவ் நமக்கு என்ன? பிஎஸ்ஜி டேட்டா புக்கைப் புரட்டி பிட்ச் எடுத்து எழுதுற பதிமூணு மார்க் கணக்கு. அது கையில கறுப்பா ஒட்டும், கொஞ்சம் தொய்வு விட்டு மாட்டணும், இறுக்கினா அறுந்துடும்னு அந்தப் பாட்டி சொல்லிக்கொடுத்தாங்க. மூணு வருஷத்துல நான் செஞ்ச முதல் உண்மையான மெக்கானிக்கல் வேலை அதுதான்னு சொன்னா நம்ம டிபார்ட்மென்ட் கோவிச்சுக்கும்.

ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் மேல சேர்ந்த கார்கள் கூட்டமா இறங்கி வரும். ஒவ்வொரு ஓட்டுநரும் ஒவ்வொரு போஸ்ட்டையும் பார்த்து கை ஆட்டுவாங்க. நாங்களும் ஆட்டுவோம். அந்த ஷிஃப்ட் காசுக்கு இது ஈடாகுமான்னு அப்பா கேட்டார். மளிகைக்கு ஆகாதுதான்.

சரி, அதுக்கு நாங்க இங்கிலாந்து போகணுமான்னு கேப்பீங்க. வேண்டாம். நம்ம மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லிருந்து இருக்கு. முதல்ல சோழவரத்துல, ரெண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில ரேஸ் நடத்தினாங்க. 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இண்டஸ்ட்ரியல் விசிட் போறப்போ நம்ம பஸ் அந்த வழியாத்தான் போகுது. 2024-ல தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி ரேஸ் நடந்தப்போ டிவியில நீங்க கார்களை மட்டும்தான் பார்த்திருப்பீங்க. ஓரத்துல ஆரஞ்சு ஓவரால்ல நின்னவங்களை இனிமே பாருங்க.

அங்க வரப்போறது விண்டேஜ் கார் இல்ல, புது ஃபார்முலா கார்களும் பைக்குகளும். சர்க்யூட்ல வேலையும் வேற மாதிரி. ஒரு போஸ்ட்ல ரெண்டு கொடிக்காரங்க எதிரெதிர் திசையைப் பார்த்து நிப்பாங்க. மஞ்சள் கொடிக்காரர் முன்னால நடக்கிற விபத்தைப் பார்ப்பார், நீலக் கொடிக்காரர் எதிர்ல வர்ற கார்களைப் பார்ப்பார். ஒருத்தர் முதுகை இன்னொருத்தர்தான் பார்த்துக்கணும். அதனால தனியா போகாம ஃப்ரெண்டோட போறது நல்லது. யார் ஜெயிச்சாங்கன்னு சாயங்காலம் வேற யார்கிட்டயாவதுதான் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கும். நான் அடுத்த ரவுண்டுக்குப் பேர் கொடுத்திருக்கேன். அன்னைக்குன்னு பார்த்து பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் கிளாஸ் வச்சிருக்காங்க. ஓடி மூணு மாசமா அதே டிரெயின் கணக்குதான் போடுறாங்க, அதனால நான் இருங்காட்டுக்கோட்டைதான். கூட வர்றவங்க காட்டன் சட்டை, தொப்பி, ரெண்டு லிட்டர் தண்ணி எடுத்துட்டு வாங்க. மேக்ஸ் பிளாக் பக்கத்துல காலையில அஞ்சரைக்கு நிப்பேன்.